ஞாயிறு ஓட்டத்துக்கு நாலு பிளக்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கடல் காற்று வரவில்லை. எண்ணூர் லாரித் தூசு மட்டும் தவறாமல் வருகிறது.

கார் நேற்றும் திக்கியது. டர்போ அழுத்தத்தைக் கூட்டியதிலிருந்து இதே கதை. மிதித்தால் பாய வேண்டியது, இருமுகிறது. டியூன் செய்த கோயம்புத்தூர்க்காரர் போனில்: "பிளக்கை மாத்துங்க. ஒரு படி கூலான ரகம். முனைக்கும் கம்பிக்கும் நடுவுல கேப் கம்மியா வைங்க. அழுத்தத்துல பொறி அணைஞ்சுபோகுது."

ஸ்டெல்லாவின் கெடு: "இந்த ஞாயித்துக்கெயம டிராக்ல ஒரு தபா திக்காம ஓட்டிக் காட்டு, வண்டி வூட்லயே இருக்கட்டும். இல்லன்னா வித்துடு. ஷெட்டுல மாவு கிரைண்டர் போடணும்." சரி என்றேன். பெண்டாட்டி பேச்சில் நியாயம் இருப்பதுதான் கூடுதல் எரிச்சல்.

ஜூன் 10, செவ்வாய்
புதுப்பேட்டை. வெயில். மூன்று கடை. முதல் கடையில், பிளக் வேண்டாம், காயிலை மாற்று என்று உபதேசம். இரண்டாவதில் ஹாட் ரகத்தை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார்." ஒன்றுதான் என்றால் எதற்கய்யா நம்பர் அச்சடிக்கிறார்கள்? அதைப் போட்டு பிஸ்டன் ஓட்டையானால் அவனுக்கென்ன. மூன்றாவதில் கிடைத்தது. இரிடியம், கூல் ரகம். நாலே நாலு. ஸ்பேர் கிடையாது.

மறந்தவை: கிரீஸ், ஸ்டெல்லா சொன்ன உளுந்து. உளுந்துக்குத் தனியாகத் திட்டு.

ஜூன் 12, வியாழன்
கேப் வைக்கும் வேலை. ஸ்டெல்லாவின் அப்பா நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். காசிமேட்டில் படகு இன்ஜின் பார்த்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் படகுக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பாவம்தான். ஆனால் வாய்க்கு நடுக்கம் இல்லை.

"இம்மாந்தூண்டு கேப்பா மாப்ள? பொறி எப்டி வரும்?"

"டர்போ வண்டி மாமா. அதிகமா வெச்சா அணைஞ்சுடும்."

"நடுக்கடல்லயே அணையல. ரோட்ல அணையுமா?"

பிளக்கின் நடு முனை ஊசி மாதிரி மெல்லிசு. அதன் மேல் நெம்பினால் போச்சு. மேல் கம்பியை மட்டும் லேசாகத் தட்டி, அளவுத் தகடு கேஜை நுழைத்துப் பார்த்து, மறுபடி தட்டி. கழுத்து பிடித்துக்கொண்டது. நாலும் 0.6 மில்லிமீட்டர். மாட்டியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி
கண்டெய்னர் யார்டில் டியூட்டி முடிந்து, எண்ணூர் ரோட்டில் காலியான இடமாகப் பார்த்து ஒரு மிதி. திக்கல் இல்லை! தனியாகக் கத்தினேன். கண்டெய்னர் லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "சாவுகிராக்கி!" இன்று அதுவும் இனித்தது.

ஜூன் 14, சனி
நாள் முழுக்க யார்ட். தலைவலி. திரும்பியபோது மாமா ஷெட் வாசலில் கை துடைத்துக்கொண்டிருந்தார், முகம் கொள்ளாத சந்தோஷம். என்னவென்று கேட்கத் தெம்பில்லை. நாளைக்கு மழை வராமல் இருந்தால் சரி.

ஜூன் 15, ஞாயிறு
மழை இல்லை. டிராக்குக்கு மாமாவும் வந்தார், காலை சர்ச் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. நேர் பாதையில் மிதித்தேன். திக்கல். முன்பைவிட மோசம். இன்னொரு சுற்று. அதே.

பானெட்டைத் திறந்து முழித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் மாமாவின் குரல், பக்கத்து வண்டிக்காரரிடம்: "நேத்து நான்தான் நாலு பிளக்கையும் கயட்டி, உப்புத்தாள்ல தேச்சு, ஆக்ஸா பிளேடு வுட்டு நல்லா கேப் வெச்சு மாட்டுனேன். கை நடுங்கவே இல்ல, தெரிமா?"

கழற்றிப் பார்த்தேன். புத்தம்புதுப் பிளக்கில் உப்புத்தாள் கோடு. கேப் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்றில் முனையே இல்லை. கெட்ட வார்த்தை தொண்டை வரை வந்தது.

ஸ்டெல்லா பக்கத்தில் வந்தாள். "இன்னா ஆச்சு? பிளக்கா?"

சொல்லியிருந்தால் இன்னொரு ஞாயிறு கொடுத்திருப்பாள். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளக்கு நல்லாத்தான் கீது. வண்டிதான் சரியில்ல. வித்துடலாம்."

மாமா தோளில் தட்டினார். "எனுக்கு அப்பவே தெரியும் மாப்ள."

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்
விலை பேசிய மாதவரத்துக்காரர் காலையில் வந்து வண்டியை எடுத்துப்போனார். எந்தப் பிளக், எவ்வளவு கேப் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினேன். தெரு முனை வரை சத்தம் கேட்டது.

மாலை கிரைண்டர் வந்து இறங்கியது. ஷெட்டில் எண்ணெய்க் கறை காயவில்லை, மாமா ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டார். "மோட்டார ஒரு தபா தொறந்து பாத்துடறேன்."

ஸ்டெல்லா போட்ட சத்தம் எதிர் வீடு வரை: "நைனா! கைய வெச்ச, அவ்ளோதான்! நீ தொட்டது எதுனா உருப்பட்டுக்கீதா?"

பதறிப்போய் மாமா முகத்தைப் பார்த்தேன்.

"சரி சரி, கத்தாத," என்று சிரித்தபடி ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்கா நான் வண்டியை விற்றேன்?