நண்டு வண்டியில் புது செட்டு

ஐப்பசி 18, வெள்ளி

வெயில், ஆனால் ஈரக் காற்று. காலையில் பொன்னேரிக்கு நண்டும் இறாலும். நல்ல விலை. திரும்பி வந்து வேனை வீட்டுக்காரரிடம் கொடுத்ததுதான் தப்பு. "சர்வீஸுக்கு வுட்டு எடுத்தாறேன்" என்று போனார். சாயங்காலம் வந்தது வேறு வண்டி.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஒன்று. நீல விளக்கு. நாலு மூலையிலும் ஸ்பீக்கர். பின்சீட்டுக்கு முன்னால் தரையில், அதிர்வுக்கென்று தனியாக ஒரு கறுப்புப் பெட்டி, சரியாக நண்டுக் கூடை வைக்கிற இடத்தில்.

"இன்னாயா இது?"

"செட்டு. நாள் பூரா ரோட்ல கெடக்குற, பாட்டு கேட்டுக்கினு ஓட்டு."

"கூடைய எங்க வைக்கிறது?"

"மேல கட்டிக்கலாம்."

மேலே வெயிலில் கட்டினால் பொன்னேரி போவதற்குள் பாதி நண்டு செத்துவிடும். தெரியாதவர் இல்லை. பாட்டைப் போட்டார். என் வயிறே அதிர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து அத்தை, "டேய் ஏழுமல, ஓடு பேத்துக்கினு வுழும்டா" என்றார். பெற்ற மகன் என்பதால் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி என் பேரில். லைசென்ஸ் எடுத்தது நான். அவருக்குக் கடல், எனக்கு ரோடு என்றுதான் பேச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஐப்பசி 19, சனி

மேகமூட்டம். டச்சுக் கல்லறை மதிலோரம் நிறுத்தி ஏரிப் பெண்களை ஏற்றினேன். கையால் தடவி இறால் பிடித்துவிட்டு இடுப்பு வரை சேறோடு வருகிறவர்கள். கறுப்புப் பெட்டிக்கு மேல் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். கன்னியம்மாவுக்கு முட்டி வலி. பொன்னேரி வரை திட்டிக்கொண்டே வந்தார். செட்டையும், ஏழுமலையையும், கடைசியில் என்னையும்.

வீட்டுக்காரர் போன் வண்டிக்குக் கிட்டே வந்தாலே செட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்கிறாள். "யாருமே அவ?" என்று கன்னியம்மா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு அம்சாவுக்கு மாசம் நெருங்கிவிட்டது. காலெல்லாம் வீக்கம். வலி எடுத்தால் என் வண்டிதான் என்று அவள் புருஷன் சேகர் முன்பே சொல்லி வைத்திருக்கிறான். சேகர் எங்கள் போட்டில்தான் கடலுக்குப் போகிறான்.

வாங்க: ஐஸ், உப்பு, அத்தைக்கு மாத்திரை, பெட்ரோல்.

ஐப்பசி 21, திங்கள்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவி திருப்பினால் டிக் டிக் மட்டும். தள்ளிப் பார்த்தோம், மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். பழவேற்காட்டிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நண்டெல்லாம் போச்சு.

மெக்கானிக் சொன்னது: "செட்டு ஒயர நேரா பேட்டரில குடுத்துக்கீறாங்கக்கா. சாவி எடுத்தாலும் இது கரண்டு குடிச்சிக்கினே இருக்கும். பேட்டரியும் பழசு." தற்காலிகமாக ஒரு வழி காட்டினான். சின்ன பியூஸ் ஒன்று, அதைப் பிடுங்கிவிட்டால் செட்டு செத்த மாதிரி. வண்டி பிழைக்கும். நானே பிடுங்கிப் பார்த்துக்கொண்டேன்.

அவரிடம் கேட்டேன். "சாவி போடாமயே பாட்டு கேக்கணும்னு நான்தான் சொன்னேன்" என்றார். எவ்வளவு சாதாரணமாக.

"இனிமே என் வண்டிய தொடாத."

வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்.

ஐப்பசி 22, செவ்வாய்

விடியலில் கிளம்பினார். வடக்கே வஞ்சிரம் ஓடுகிறதாம், ரெண்டு மூணு நாள் தங்கல். சோறு கட்டிக் கொடுத்தேன், ஊறுகாய் வைத்தேன், பேசவில்லை. வாசலில் நின்று "வரேன்" என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

பொன்னேரி போய் வந்தது. பெட்ரோல் போட மறந்துவிட்டேன்.

ஐப்பசி 23, புதன்

காலையில் கடல் தட்டு மாதிரி கிடந்தது. மதியத்துக்கு மேல் காற்று திரும்பி வடக்கிலிருந்து வாடையாகப் பிடித்துக்கொண்டது. மைக் கட்டிய ஜீப் வந்து எல்லாரும் கரைக்கு வரச் சொல்லிப் போனது. கடலில் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும். புயல் இப்படித் திடீரென்று பக்கம் வரும் என்று நேற்று யாரும் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. மூன்று வரவில்லை. எங்களுடையது ஒன்று. கன்னியம்மா மகன் போனது ஒன்று.

கரண்ட் இல்லை. பிறகு டவரும் போச்சு. பெட்ரோல் பங்கு மூடியாச்சு. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி 24, வியாழன்

குப்பமே பள்ளிக்கூடத்தில். மழை சாய்வாக அடிக்கிறது. வண்டியைப் பள்ளிச் சுவரோரம் ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். கரையிலிருக்கிற வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரைச்சல் மட்டும். போனெல்லாம் செத்துக் கிடக்கிறது.

கன்னியம்மாதான் ஞாபகப்படுத்தினார். "உன் வண்டில ரேடியோ வரும்ல?"

பியூஸைப் போட்டேன். வந்தது. எங்கே புயல், எவ்வளவு வேகம் என்று சொன்னார்கள். மீனவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு பாட்டு. பிறகு நகைக்கடை விளம்பரம். மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நின்று நகைக்கடை விளம்பரத்தைக் கேட்டார்கள். ஒருத்தர் நகரவில்லை. அடுத்து சொல்வான், அடுத்து சொல்வான் என்று.

திரை மங்க ஆரம்பித்தது. இன்ஜினைப் போட்டால் பேட்டரி ஏறும், பெட்ரோல் போகும். போடாவிட்டால் பேட்டரி போகும். பள்ளிப் படியில் அம்சா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். செட்டை நிறுத்தி, பியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஏன் மூடின?" கன்னியம்மா.

"வண்டி ஸ்டார்ட் ஆவாதுக்கா. அம்சாவுக்கு வேணும்."

"என் புள்ள பேரு இப்ப வரும். நீ மூடிட்டினா எனக்கு யாரு சொல்லுவா? உன் புருஷனும்தானே கடல்ல இருக்கான். உனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லியா?"

இன்னும் என்னென்னவோ. யாரோ பின்னாலிருந்து, "பேசாம அனுப்பிச்சவதானே" என்றார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். அத்தை வந்து கண்ணாடியில் கையை வைத்து, "ஒரே ஒரு வாட்டி போடுமே" என்றதைத்தான் தாங்க முடியவில்லை. போடவில்லை. தலைவர் வந்து செய்தி நேரத்துக்கு மட்டும் என்று முடித்து வைத்தார். மதியச் செய்தியில், கடலுக்குப் போன சிலர் திரும்பவில்லை என்று மட்டும். அது எங்களுக்கே தெரியும். உடனே நிறுத்தினேன். இந்தமுறை எல்லாரும் தாங்களாகவே பள்ளிக்குள் திரும்பிப் போனார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசி 25, வெள்ளி

கை வலிக்கிறது, கோணல் எழுத்து. பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளிச்சம் வந்ததும் அம்சாவுக்கு வலி. காற்று விட்டிருந்தது, மழை விடவில்லை. முதல் தடவை சாவி திருப்பியபோது முனகல். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. அம்சாவைப் பின்னால் படுக்க வைத்தோம், காலை நீட்ட முடியவில்லை. கறுப்புப் பெட்டியை ஒயரோடு பிடுங்கி வெளியே போட்டார் கன்னியம்மா. பிறகு தானே ஏறி அம்சா தலையை மடியில் வைத்துக்கொண்டார். நேற்று என்னைத் திட்டிய அதே வாய், "பயப்படாதமே, நான் கீறேன்" என்றது. அத்தை என் பக்கத்தில்.

பாலத்துக்கு முன்னால் ரோடு இல்லை, தண்ணீர்தான். ஆண்கள் கயிறு பிடித்து இரண்டு பக்கமும் நடந்து ரோட்டின் ஓரத்தைக் காட்டினார்கள். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் போய்விடும் என்று மெக்கானிக் ஒருமுறை சொல்லியிருக்கிறான். விடவில்லை. தண்ணீர் கதவிடுக்கில் உள்ளே வந்து என் காலை நனைத்தது.

பழவேற்காடு தாண்டி மேட்டு ரோடு வந்ததும், பின்னாலிருந்து கன்னியம்மா மெதுவாக, "இப்போ போடேன்" என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அத்தையிடம் பியூஸைக் கொடுத்தேன். எங்கே சொருகுவது என்று சொன்னேன். போனையும் செட்டில் சார்ஜுக்குச் சொருகச் சொன்னேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "ஆந்திரக் கரையில்" என்று கேட்டது. அதே நேரம் அம்சா கத்தினாள்.

"அடியே, ஒரு நிமிஷம் பல்ல கடிச்சிக்கோடி." கன்னியம்மாதான் அழுதுகொண்டே சொன்னார்.

அவள் எப்படி நிறுத்துவாள். கத்தல் அடங்கியபோது வேறு செய்தி. எனக்குக் கேட்டது "மூன்று" என்ற ஒரு வார்த்தை. அத்தைக்கும் அதுதான். மூன்று போட்டா, மூன்று ஆளா? எங்கள் போட்டில் மட்டுமே நாலு பேர். "போட்டுன்னுதான் சொன்னான்" என்றார் அத்தை. "ஆளுன்னு கேட்டுது" என்றார் கன்னியம்மா. பொன்னேரி வரை ரோட்டையே பார்த்து ஓட்டினேன். மூன்று. மூன்று. வைப்பர் அடிக்கும்போதெல்லாம் அதுவே.

அம்சாவுக்குப் பெண் குழந்தை. நலம். சேகர் எங்கே என்று கேட்டாள். வருவான் என்றேன்.

ஐப்பசி 26, சனி

நல்ல வெயில். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குள் நானும் கன்னியம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன் செட்டில் சொருகியபடியே. டவர் வந்து, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பச்சையை அமுக்கினேன்.

ஒரு தெலுங்கு ஆள் ஏதோ சொன்னான். பிறகு மூச்சு. பிறகு நாலு மூலையிலிருந்தும் அவர் குரல்.

"செல்வி. நான்தான்."

கன்னியம்மா டீயைக் கொட்டிவிட்டு முன்சீட்டுக்கு மேல் எக்கி அந்தத் திரையைப் பார்த்துக் கத்தினார். "டேய், என் புள்ள எங்கடா?"

"இங்கதான்கா இருக்கான். சோறு துன்றான்."

வடக்கே போன மூன்று போட்டையும் காற்று ஆந்திரக் கரைக்கு அடித்துத் தள்ளியிருக்கிறது. எங்களுடையது கரைக்குக் கிட்டே அலையில் உடைந்துபோச்சு. நீந்தியிருக்கிறார்கள். சேகருக்குக் கால் முறிவு, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள்தான் இழுத்துக் கரையேற்றினார்களாம். வலை, இன்ஜின், ஒன்றும் இல்லை.

"போட்டு பூடுச்சி செல்வி" என்று மறுபடி மறுபடி சொன்னார். போகட்டும் என்று சொல்ல நினைத்தேன். "சாப்ட்டியா" என்றுதான் வந்தது.

உள்ளே போய் அம்சாவிடம் சொன்னேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் கால் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி 28, திங்கள்

வெயில். ரோட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. நேற்று பேட்டரி மாற்றியாச்சு, ஒயரும் சரி பண்ணியாச்சு. பெட்ரோல் முழுசாக.

ஆந்திரா லாரி எங்கள் ஆட்களைச் சுண்ணாம்புக்குளத்தில் இறக்கிவிட்டிருந்தது. மதியம் போய்ச் சேர்ந்தேன். டீக்கடை நிழலில் அவர் யாரோ கொடுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார், தோளில் நிற்காத பெரிய சட்டை. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. சேகரை நாலு பேர் தூக்கிவந்து பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்தார்கள். குழந்தை யார் ஜாடை என்று கேட்டான். உன்னைப்போலத்தான் கத்துகிறது என்றேன்.

அவர் முன்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏறவில்லை.

"செட்ட கழட்டிடறேன்."

"கம்முனு ஏறுயா."

ஏறினார். கொஞ்ச தூரத்திலேயே தலை கதவில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மெதுவாக விட்டேன். பின்னால் கன்னியம்மா மகன், "அக்கா, ஏதாச்சும் பாட்டு" என்றான்.

"இப்ப வேணாம்டா" என்றேன். அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.