பன்னிரண்டாவது கிண்ணம்

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. என் மூத்திரப்பையைப் பற்றி என் மேனேஜருக்குக் கடிதம் எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உங்க தம்பி ரொம்பக் கவலைப்படுறார். ஓய்வெடுத்துக்குங்களேம்மா" என்கிறார். அவசரத்தில் ஓடும்போது வழுக்கி விழுந்ததை உன்னிடம் சொன்னது என் தப்பு.

இந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை பொறுக்க வந்தவள் நான். ருசி பார்ப்பவர்கள் மிச்சம் வைத்த கிண்ணங்களை ஒளித்துவைத்து, நானே சுவை பார்க்கக் கற்றேன். முப்பத்தொரு வருஷமாக என் நாக்கு சொன்னதுதான் தீர்ப்பு.

இருபது கிண்ணம் வரிசையாக இருக்கும். சூடு ஆறுவதற்குள் உறிஞ்சித் துப்பிக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டாவதில் அடிவயிறு முட்டும். ஓடிவிட்டுத் திரும்பினால் எல்லாம் ஆறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. டாக்டரின் மாத்திரையால் ஓட்டம் குறைந்தது உண்மை. ஆனால் வாய் வறண்டு, போன வாரம் புகை வாடை ஏறிய தேயிலையை நல்லது என்று எழுதிவிட்டேன். மாத்திரையை நிறுத்தி மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. லாரியில் ஏற்றிய மூட்டைகளை நானே திருப்பி இறக்கச் சொன்னேன். இனி அந்த மாத்திரை வேண்டாம்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

எழுதியது தப்புதான். நீ விழுந்தாய் என்றதும் பயந்துவிட்டேன்.

இருபது வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவன் சொல்கிறேன், கேள். வாய் வறள்வது அந்த வகை மாத்திரையின் குணம். வேறு வகையும் உண்டு. அதில் அவ்வளவு வறட்சி இல்லை, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். எது என்பது டாக்டர் முடிவு. நிறுத்திவிட்டதை அவரிடம் மறைக்காதே. கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாய், உன்னைத் தெரியாதா?

இல்லையென்றால் எங்களோடு வந்துவிடு. அறை தயார். ஒட்டியே கழிவறை.

உன் தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

கழிவறையைக் காட்டி அக்காவை அழைப்பவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். வரமாட்டேன்.

டாக்டரிடம் போனேன். "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றாள். "நீங்க நாக்கைப் பத்திக் கேக்கவே இல்லையே" என்றேன். வேறு மாத்திரை எழுதினாள். டீயை விடச் சொன்னாள். நான் குடிப்பதில்லை, துப்புகிறேன் என்றேன். முட்டியதும் ஓடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தள்ளிப் பழகச் சொன்னாள். வாரம் ஒருமுறை அழுத்தம் பார்க்கிறேன். முழுசாகக் குணமில்லை. ஆனால் வாயில் எச்சில் ஊறுகிறது.

மேனேஜரிடம், இருபதைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னேன். "வழக்கம் இல்லையேம்மா" என்று இழுத்தார். "அப்ப என் நாக்கைச் சோதிச்சுப் பாருங்க" என்றேன். அடையாளம் இல்லாத பத்துக் கிண்ணம் வைத்தார். ஐந்தாவதில் முட்டியது. காலை ஊன்றி நின்றேன், அடங்கியது. எட்டாவதில், "இது நான் தப்பவிட்ட புகை" என்றேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, நீ எழுதிய கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கூடவே அடையாளம் போடாத இரண்டு பொட்டலம். ஒன்றில் புகை இருக்கிறது. எது என்று நீ சரியாகச் சொன்னால், என் மேனேஜருக்கு மறுபடி எழுதலாம். அதுவரை எனக்கு எழுது.

வேலையில் இருக்கும் உன் அக்கா