லாத்ரப் வீட்டுக் கைப்பிடி

மார்ஷ்டன், ஒஹாயோ
ஏப்ரல் 21, செவ்வாய்

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது. எழுபத்து நான்கு வயதில் ஒருவன் எவ்வளவு சுகமாக இருக்கலாமோ அவ்வளவு சுகமாக நான் இருக்கிறேன். உன் அம்மா என்னைவிடத் தேவலை. ஆரிகன் மழையில் உன் பழைய இருமல் திரும்பாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இருவரும் நினைத்துக்கொள்கிறோம். தொலைபேசி இருக்க ஏன் எழுதுகிறேன் என்றால், பேசினால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், அம்மா வாங்கி வானிலையைப் பற்றிப் பேசுவாள், விஷயம் அப்படியே கிடக்கும். உன் கட்டடத்தில் கீழ்த்தள வீடு ஜூனில் காலியாகிறது, இந்த வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டாய். பதில் இதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத வராது. மேற்கு வர்ஜீனியா வீட்டை விற்று இந்தக் கல்லூரி ஊருக்கு வந்தது உன் பேச்சைக் கேட்டு. கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது, நிரந்தரம் ஆகிவிடும், நடந்து வரும் தூரத்தில் நீங்கள் இருந்தால் எனக்கு நிம்மதி என்றாய். வந்தோம். ஒன்றரை வருஷத்தில் உன்னை நிரந்தரமாக்க மாட்டோம் என்றார்கள், நீ நாட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாய். அது உன் தப்பில்லை என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். தப்பு யாருடையதாக இருந்தாலும் இங்கே பனி தள்ளுகிறவன் நான். மூன்று வருஷமாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, 'நீங்க எந்தத் துறை?' நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், கொதிகலன் வேலையையும் வெல்டிங்கையும் இரவல் புத்தகம் பார்த்துக் கற்றவன் என்று உனக்குத் தெரியும். 'கொதிகலன்' என்றேன். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டி, 'ஓ, அது எந்தக் கட்டடத்துல இருக்கு?' என்றார். 'எல்லாக் கட்டடத்துக்கும் அடியில' என்றேன். நம் பக்கத்தில் உப்பு மட்டும் போடுகிற சோள ரொட்டிக்கு இங்கே தேவாலய விருந்தில் சர்க்கரை போடுகிறார்கள். மே மாதம் மாணவர்கள் ஊருக்குப் போகும்போது நல்ல சோபாக்களைத் தெருவோரம் எறிந்துவிட்டுப் போகிறார்கள். நம் வரவேற்பறையில் கிடப்பது அதில் ஒன்று, அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். எல்லாவற்றையும்விட, மூன்று வருஷம் ஆகியும் இது எங்கள் வீடு ஆகவில்லை. 1884இல் இதைக் கட்டிய லத்தீன் பேராசிரியர் லாத்ரப்பின் பெயர்தான் கதவருகே பித்தளைத் தகட்டில் இருக்கிறது, ஊர் வாயிலும் அதுதான். 'நாங்க கட்லிப்' என்றால், 'ஆமா ஆமா, லாத்ரப் வீட்டுல இருக்கிறவங்கதானே' என்கிறார்கள். குழாய் பார்க்க வந்தவனும் அப்படித்தான் சொன்னான். 'லாத்ரப் செத்து நூறு வருஷமாச்சு, இந்தக் குழாயில குளிக்கிறவன் நான்' என்றேன். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

இனி விஷயம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ பத்து நாள் இருந்துவிட்டுப் போனாய். இடது கால் ஓரளவு திரும்பிவிட்டது, இடது கை திரும்பவில்லை. டிசம்பரில் மருத்துவரிடம் போய் வந்தபோது வாசலின் ஐந்து கற்படிகளில் மூன்றாவதில் ஏறுகையில் சறுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. உன்னிடம் சொல்லாதே என்றாள், இப்போது சொல்லிவிட்டேன். மறுநாளே ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் வாங்கி, வளைத்து, வெல்டிங் செய்து, கல்லில் துளையிட்டு ஈயம் ஊற்றிப் படிக்கு வலது பக்கம் கைப்பிடி வைத்தேன். அவளுடைய நல்ல கை வலது. ஏறும்போது வலது கையால் பிடித்து ஏறலாம். யானை தொங்கினாலும் அசையாது. ஒரு சிறு புத்தி மட்டும் எனக்கு இல்லாமல் போனது. இந்தப் பழைய தெருக்களில் சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற எதையும், ஒரு ஆணியையும்கூட, பழைய கட்டடங்களுக்கான குழுவிடம் முன்கூட்டிக் கேட்காமல் வைக்கக்கூடாது. இங்கே பிறந்தவர்கள் கேட்காமல் கதவுக்கு வண்ணம் பூச மாட்டார்கள். நான் கேட்கவில்லை. என் படிக்கு நான் யாரைக் கேட்க வேண்டும்? பிப்ரவரியில் கடிதம் வந்தது, கைப்பிடியை எடுக்க வேண்டும் அல்லது குழு முன் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று. எடுக்கவில்லை. காரணம் சொல்லப் போனேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் விசாரணை நடந்தது. ஏழு பேர் நீள மேசைக்குப் பின்னால், தலைவர் வின்ஸ்லோ என்ற அம்மாள், நல்ல பெண்மணிதான், அதுவே எனக்கு எரிச்சல். உன் அம்மா வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் அழைத்துப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஹாரியட் பீலும் வந்திருந்தாள், எண்பது வயதில் இன்னும் பியானோ கற்பிக்கிறவள். குழுவிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்று நான் கடிதம் வந்த நாள்முதல் நினைத்துக்கொண்டு, அவள் வணக்கம் சொன்னால் முகம் கொடுக்காமல் தரைப் பனியைப் பார்ப்பேன். அவள் எழுந்து ஒரு படத்தை மேசைமேல் வைத்தாள். கல்லூரி நூலகத்தில் மூன்று நாள் தேடி எடுத்ததாம். 1911இல் எடுத்த லாத்ரப் வீடு, படியில் லாத்ரப்பின் விதவை நிற்கிறாள், பக்கத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி. 'அன்னைக்கே கைப்பிடி இருந்திருக்கு, இப்ப ஏன் கூடாதுன்னு கேக்கத்தான் வந்தேன்' என்றாள். புகார் தந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குழுவினர் படத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். வின்ஸ்லோ அம்மாள், 'மிஸ்டர் கட்லிப், நல்ல சேதி. கைப்பிடி வச்சுக்கலாம். ஆனா படத்துல இருக்கிற மாதிரி இடது பக்கம் வைக்கணும், வலது பக்கத்துல இருக்கறதை எடுத்துடணும்' என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 'எம் பொண்டாட்டிக்கு இடது கை கிடையாது, இடது பக்கம் எதை வச்சுப் பிடிப்பா, பல்லாலயா?' என்று கேட்டேன். இன்னும் பேசினேன். செத்துப்போன ஒருத்தியின் வசதிக்கு உயிரோடு இருக்கிறவளை விழவைக்கிறீர்கள் என்றேன். கைப்பிடியும் வேண்டாம், வீடும் வேண்டாம், லாத்ரப்பே வந்து இருந்துகொள்ளட்டும், விற்றுவிட்டு ஆரிகனில் மகளிடம் போகிறோம் என்றேன். ஆமாம் மார்லா, உனக்கு நான் தர நினைத்த பதில் அதுதான். பிறகுதான் பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது, பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேசுகிற அந்த மெதுவான குரல். 'ஆர்லின், நீ உட்காரு' என்றாள். நான் உட்காரவில்லை, அவள் நான் உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு மேசையைப் பார்த்து, 'இவர் வச்ச கம்பியைப் பிடிச்சு நான் ஏறிடுவேன். இறங்கும்போது அது இந்தச் செத்த கைப்பக்கம் வந்துடுது. நாலு மாசமா எனக்கு உள்ளே போகத்தான் வழி இருக்கு. வெளியே வர வழியில்ல. அந்தப் படத்துல இருக்கிற பக்கம்தான் எனக்கு வேணும்' என்றாள்.

குழாயை வளைத்தவன், அளந்தவன், கொதிகலனுக்கு உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் இருக்கிறதா என்று நாற்பது வருஷம் பார்த்தவன் நான். அவள் விழுந்தது ஏறும்போது, அதனால் ஏறுவதை மட்டும் சரிசெய்தேன். இறங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துத்தான் இறங்கினாள், நான் இல்லாமல் அவள் எங்கே போகப்போகிறாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. காரில் ஏறியதும், என்னிடம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'மூணு தடவை சொன்னேன். நீ வெல்டிங் பண்ணிக்கிட்டு இருந்தே' என்றாள். பிறகு, 'ஆரிகனுக்குப் போறோம்னு யாரைக் கேட்டுச் சொன்னே? இந்த ஊருக்கு வரும்போதும் நீயும் மார்லாவும் பேசி முடிச்சீங்க, நான் பெட்டி கட்டினேன். எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு ஆர்லின். உங்க ரெண்டு பேர்ல யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்' என்றாள். வீடு வரும்வரை நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். பக்கவாதத்துக்கு முன்பு வியாழக்கிழமைகளில் நூலகத்தில் பெண்கள் கூடிச் சத்தமாகக் கதை படிப்பார்கள், அவள் போய்வருவாள். வெறும் பொழுதுபோக்குக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

கைப்பிடியை அறுத்து எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டேன். குழு சொன்னதற்காக அல்ல, என் மனைவி சொன்னதற்காக என்று வின்ஸ்லோ அம்மாளுக்கு எழுதி, அதைப் பதிவில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். வலது பக்கத்துக்கும் ஒன்று வேண்டுமானால் புதிதாக மனுப் போடலாமாம். நான் போட மாட்டேன். அம்மா எழுதிக்கொண்டிருக்கிறாள். அனுமதி வரும்வரை, 'ஏற நீ கை குடு, இறங்க எனக்குக் கம்பி போதும்' என்கிறாள். போன வியாழன் அவள் தனியாக இறங்கினாள். ஐந்து படிக்கு எட்டு நிமிஷம் ஆனது. நூலகம் இரண்டு தெரு தள்ளி, தெரு முழுக்கச் செங்கல், பாதிச் செங்கல் மேலே தூக்கி நிற்கிறது. பின்னால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் மாணவன் எறிந்த அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், வேறு எதுவும் செய்யவில்லை. கல்லூரி மணி இரண்டு தடவை அடித்த பிறகு கீழ்ப்படியிலிருந்து, 'ஆர்லின், கை' என்று கூப்பிட்டாள்.

ஆகவே பதில் இதுதான். நாங்கள் வரவில்லை. கீழ்த்தள வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. நீ மறுபடி கேட்டாலும் இதே பதில்தான், கேட்பதானால் அம்மாவைக் கேள், இனி நானும் அவளைக் கேட்டுத்தான் சொல்வேன். எனக்கு இந்த ஊர் இன்னும் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. களைப்பாக இருக்கிறது, இன்னொரு தடவை பெட்டி கட்ட என் முதுகுக்கும் தெம்பில்லை. கோபத்தில் எழுதியதைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்.

கடவுள் உன்னை நோயில்லாமல், வேலை பறிபோகாமல் காக்கட்டும். மார்பில் சளி கட்டினால் இரண்டு நாளுக்கு மேல் பார்த்துக்கொண்டு இருக்காதே, உன் காரின் முன் டயர்களை மாற்று, ஜூலையில் விடுப்பு எடுத்து வா. வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் கட்லிப் வீடு என்று சொல். அவனுக்குத் தெரியாது, அப்போது மற்றப் பெயரைச் சொல்லிக்கொள். இந்தக் கடிதத்தை அம்மாதான் தெருமுனைத் தபால் பெட்டியில் போடப்போகிறாள், மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறாள், முடித்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இது உன் கைக்கு வந்தால், அவள் அந்தப் பெட்டிவரை தனியாக நடந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா,
ஆர்லின் கட்லிப்