களை என்று நீ பிடுங்கிய செடி

அக்காவுக்கு,

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்தாய். அதற்கு நன்றி. நன்றி அதோடு முடிந்தது.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே நீ பிடுங்கியெறிந்தது களை இல்லை. இந்தப் பக்கத்து ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டுச்செடி. அங்கிருந்து விதை கொண்டுவந்து போட்டேன்; மூன்று வருடமாக இலையை மட்டுமே காட்டியது. மற்ற பூக்களெல்லாம் கொட்டிய பிறகு, குளிர் தொடங்கும்போதுதான் அது பூக்கும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடா வருடம் வரும். இப்போதுதான் முதல் மொட்டு விட்டிருந்தது. போனில் கேட்டால், "பூக்காத செடிய வச்சுக்கிட்டு என்னடி பண்ணப்போற?" என்று சிரிக்கிறாய்.

நான் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று கேட்டு வந்த தச்சரையும் வாசலிலேயே விரட்டினாயாமே! ஞாயிறுதோறும் வீட்டுக்கு என்னைப் பார்க்க வருகிறவர் அவர்தான் என்று உனக்குத் தெரியாதா? "அம்பது வயசுக்கு மேல இவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாயாம். அதைக் கேட்க நீ யார்?

நேற்று அவர் குப்பைக்குழியைக் கிளறி வேரைக் கண்டெடுத்தார். "இன்னும் உயிர் இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். இருவருமாக நட்டோம். ஆத்திரத்தில் மண்ணை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் எங்களுக்குப் பதிவுத் திருமணம். வாழ்த்துவதற்கு வருவதானால் வா. புத்தி சொல்ல வராதே.

உன் தங்கை