பெயருக்கு விட்ட இடம்

ஓஷ்,
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மருமகள் கென்ஜெகுல், வாசற்படியில் நின்று மூன்று முறை குனிந்து சொல்லும் சலாமை ஏற்றுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தோக்தோசுன் வண்டியில் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தனவா? பேத்தி பூருலிடம் ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தரச் சொல்லித் தேய்த்துக்கொண்டு படுங்கள். அவள் மறந்துவிட்டால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளுக்கும் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மூத்த மகனுக்குப் போன வாரம் சளிக் காய்ச்சல் இருந்தது, இப்போது வேலைக்குப் போகிறார். ஊர் முழுக்க நிலக்கரிப் புகை. துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் திரும்பி வருகிறது. அடிக்கடி மின்சாரம் போய்விடுவதால் பகலில் வகுப்பு இல்லாத நேரத்தையெல்லாம் எழுத்துக்கே கொடுக்கிறேன். சமையல் பெரும்பாலும் உங்கள் மூத்தவர்தான். அவர் செய்கிற பிளோச் சோற்றைச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரி, இதற்குப் பேசாமல் கஞ்சி என்றே பெயர் வைத்திருக்கலாம் என்றாள்.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் காது மந்தமான பிறகு, நான் சொல்வதை உங்கள் இளைய மகன்தான் உங்கள் அருகில் வந்து உரக்கச் சொல்கிறார். இந்தச் செய்தி அவர் வாய் வழியாக உங்களிடம் வந்து சேரக் கூடாது. அதனால்தான் கடிதம். தோக்தோசுனிடம் உங்கள் கையில் மட்டும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

அத்தா, என் ஆய்வேட்டைப் பற்றித்தான். ஆய்வுக்குழுவின் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கட்டிய பிரதி அங்கே போய்ச் சேர்ந்தால்தான், குழு கலைவதற்கு முன் நான் சபையில் நின்று அதை எடுத்துரைக்க முடியும். அடுத்த குழு எப்போது அமையும், எந்த ஊரில் அமையும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளையும் பாடங்களையும் சொல்லித் தள்ளிப்போட்டதை இனித் தள்ளிப்போட முடியாது.

போன திங்கட்கிழமை ஆய்வேடு எனக்கே திரும்பி வந்தது. இப்போது எல்லா ஆய்வேடுகளையும் கணினியில் போட்டு, வேறு யாருடைய எழுத்தாவது கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. பிறருடைய ஆய்வைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டது என்று ஓரத்தில் குறிப்பு. திருட்டு என்பதை மரியாதையாகச் சொல்கிற சொற்கள் அவை.

என் வழிகாட்டி சனாபர் யுல்தாஷெவ்னா என்னை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏம்மா, யாரு இந்த ‘முன்னர் ஆராய்ந்த ஒருவர்’? அத்தியாயத்துக்கு அத்தியாயம் வர்றாரு. வந்துட்டுப் பேரச் சொல்லாமப் போயிடறாரு. மாறுவேஷத்துல திரியற ராஜாவா?”

சாரி-ஜர் மலைச்சரிவை முதலில் ஆராய்ந்தவர் என் மாமனார் என்றேன். அவர் உஸ்பெக் பெண்மணி என்றாலும் நம் வழக்கங்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல. முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“மருமக மாமனார் பேரைச் சொல்லக் கூடாது, சரி. ஆனா இது உன் வீட்டு அடுப்படி இல்லம்மா. பேரைப் போடு, இல்லாட்டி அத்தியாயத்தை எடு. அந்த அத்தியாயத்தை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது அட்டைதான்.”

திருமணமாகி நம் வீட்டுக்கு வந்த நாள் முதல் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்கள் மகன்கள் பெயரையும் சொன்னதில்லை. அது எனக்கு ஒரு நாளும் சுமையாக இருந்ததில்லை. உங்களுக்குக் கண் மங்கத் தொடங்கிய காலத்தில் பழைய கட்டுரைகளைப் படித்துக்காட்டச் சொல்வீர்கள். உங்கள் பெயர் வரும் இடத்தில் நான் நிறுத்தி ஒரு முறை இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவேன். ஒரு நாள் என் மாமியார் ஏனேயைக் கூப்பிட்டு, “இந்தப் பொண்ணுக்கு மருந்து வாங்கணும், நான் எழுதினதப் படிச்சாலே இருமல் வருது” என்றீர்கள். ஏனே தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுபடி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் வழக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. தடை வாய்க்குத்தான், கைக்கு இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்தில் நான் எழுதியிருக்கலாம். எழுதினால், பெயருக்குப் பிறகு என்ன எழுதுவது என்ற கேள்வி வந்திருக்கும். அதற்கு அஞ்சித்தான் அந்த ‘ஒருவரை’ உருவாக்கினேன்.

உங்கள் ஆய்வேட்டில், மண்ணைச் சோதிக்கச் சரிவில் இறக்கிய மூன்று துளைகள் இருக்கின்றன. முதல் இரண்டின் எண்களை நான் பலமுறை சரிபார்த்தேன். இன்றைய கருவிகளாலும் அவற்றில் குறை சொல்ல முடியாது. மூன்றாவது துளை, மேட்டு வாய்க்காலுக்குக் கீழே உள்ளது. அதன் எண்கள் இரண்டாவதன் எண்களையே ஒத்திருக்கின்றன. கடைசி இலக்கம் மட்டும் அங்கங்கே மாறுகிறது. முகவுரையில், பனி விழுவதற்குள் துளைவண்டியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள் என்றும், அந்த ஆண்டு இறுதிக்குள் ஏட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை, அத்தா. கெடு நெருங்கும்போது மனிதருக்கு மண் தெரிவதில்லை, தேதிதான் தெரிகிறது. இந்த வாரம் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை மென்மையாக்கினால் போதும், வெள்ளிக்கிழமை தப்பித்துவிடலாம் என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

செப்டம்பரில் நாங்கள் துளைவண்டியோடு வந்தபோது அந்த இடத்தில்தான் இறக்கினோம். மேலே மஞ்சள் மண். வறண்டு, கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. கீழே போகப் போக ஈரம். அதற்கும் கீழே நீலம் கலந்த களிமண், பிசைந்த மாவு போல, விரல் பதிந்தால் பதிந்தபடி. வாய்க்கால் தண்ணீர் இத்தனை ஆண்டுகளாக எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. அந்தச் சரிவு ஈரமான சோப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

அன்று நான் முற்றத்துக்கு வந்தபோது நீங்கள் சுவரோரம் வெயிலில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள். நடக்கிறது அத்தா என்றேன். பிறகு நீங்கள் நீலக் களிமண் ஒட்டிய என் பூட்ஸைப் பார்த்தீர்கள். நம் மலையில் மேலே எங்கும் அந்த நிற மண் கிடையாது. உங்கள் மங்கிய கண்ணுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பூருலிடம் எனக்குக் கால் கழுவ வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு, தேநீரை முடிக்காமலே உள்ளே போனீர்கள். இரவு உணவுக்கும் வரவில்லை.

அக்டோபரில் இளையவர் தம் மகன் அஸாதுக்கு வீடு கட்ட அடித்தளம் தோண்டத் தொடங்கினார். ரஷ்யாவிலிருந்து பையன் மனைவியோடு திரும்பி வருகிறான், பழைய வீட்டில் இடம் போதாது என்கிறார். எல்லாம் நியாயம்தான். ஆனால் தோண்டிய இடம் சரிவின் அடிவாரம். பனி உருகி முடியும்வரை பொறுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

“அண்ணி, அத்தா நிக்கும்னு சொன்ன மலை இது. அவரு சொன்ன பிறகு அது நகர்ந்திருக்கா? உங்க இரும்பு ஆணியக் கேட்டா நான் வீடு கட்டணும்?”

பக்கத்தில் கல் இறக்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். சரிவில் விழுந்திருக்கும் வெடிப்பு அகலமாகிறதா என்று பார்க்க அதன் இரு பக்கமும் நான் அடித்துவைத்த ஆணிகளை ஊரில் ‘கென்ஜெகுல் நட்ட மரம்’ என்கிறார்களாம், எப்போது பழுக்கும் என்று கேட்கிறார்களாம். அந்த ஆணிகளுக்கு இடையிலுள்ள வெடிப்பில் இப்போது என் உள்ளங்கை தாராளமாக நுழைகிறது.

கிராம நிர்வாகத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். என் கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து உங்கள் ஆய்வின் முடிவுரையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைக் கொண்டுதான் இன்றுவரை மனை ஒதுக்குகிறார்கள். நான் மறுத்திருப்பது யாரோ ஒருவரை, இந்த முடிவுரையை மறுத்ததாக என் தாள்களில் எங்கும் இல்லையே என்றார். நான் பெயர் எழுதாமல் விட்டதால் உங்கள் மரியாதை காப்பாற்றப்பட்டது என்று நினைத்திருந்தேன். வசந்தத்தில் இன்னும் சில குடும்பங்களுக்கு அங்கே மனை கொடுக்கப்போகிறார்கள்.

உங்கள் மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கினேன். ஏடு திரும்பி வந்த அன்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார்.

“எங்க ஊர்ல அவரு பேரச் சொன்னாத்தான் எனக்கு வழி விடுவாங்க. நீ அந்த வழியில குழி தோண்டற.”

நான் வாதாடவில்லை. வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். வாய்க்கால், வெடிப்பு, களிமண் இருக்கும் இடம், அதற்கு நேர் கீழே அஸாதின் அடித்தளம். அதற்குப் பக்கத்தில் உங்கள் வீடு. நீங்கள் படுக்கும் அறையின் சன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். மலைப் பக்கம் என்றேன். அதன்மேல் வைத்த விரலை அவர் வெகு நேரம் எடுக்கவில்லை. தேநீர் ஆறிப்போனது. கடைசியில், “அத்தாவையே கேளு. நான் கேட்க மாட்டேன், என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அதனால்தான் உங்களிடமே வந்து நிற்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு என் முடிவுரையின் முதல் தாளை வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் போலவே அதையும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன், நீங்களே படிக்கலாம். அதில் ஒரு வாக்கியம் வெற்றிடத்தோடு தொடங்குகிறது. அதற்குப் பின்னால் இப்படி வருகிறது: ‘என்பவர் தம் ஆய்வில் மூன்றாவது துளையை இறுதிவரை இறக்கவில்லை. அங்கே ஈரக் களிமண் அடுக்கு இருக்கிறது. ஆகவே சாரி-ஜர் சரிவு உறுதியானது என்ற அவர் முடிவு தவறு. அதன் கீழ் மனிதர் குடியிருக்கக் கூடாது.’

வெற்றிடத்தில் உங்கள் பெயரை நான் எழுதவில்லை. உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள், அத்தா. வாக்கியத்தில் எதையாவது திருத்த வேண்டுமென்றால் திருத்துங்கள். துளைவண்டியைத் திருப்பிக் கேட்டவர்களைப் பற்றிச் சேர்க்க வேண்டுமா, சேருங்கள். என்னைவிட அந்த மண்ணை அறிந்தவர் நீங்கள். ‘தவறு’ என்பதையும் அதற்குப் பின் வருவதையும் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய தாளையே ஏட்டில் வைத்துக் கட்டலாமா என்று சனாபர் யுல்தாஷெவ்னாவைக் கேட்டேன். அப்படி ஒன்றைத் தாம் கண்டதில்லை என்றும், வந்தால் தம் கையாலேயே வைத்துக் கட்டுவதாகவும் சொன்னார்.

தோக்தோசுன் புதன்கிழமை திரும்புகிறார். அவரிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே இளையவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்களே சொல்லுங்கள். என் பேச்சு அவர் காதில் ஏறாது, உங்கள் பேச்சு ஏறும். அடித்தளத்துக்குப் போட்ட கல் போனால் போகட்டும். இளையவர் வீட்டாரும், வந்து இறங்கும்போது அஸாதும் அவன் மனைவியும், இங்கே எங்களோடு இருக்கலாம். உங்களுக்கும் பூருலுக்கும் தெற்குப் பக்க அறையைக் காலி செய்துவிட்டோம். உங்கள் மூத்தவர்தான் நேற்று முழுநாளும் சாமான்களை மாற்றினார். அவராக இதை உங்களிடம் சொல்ல மாட்டார், ஆகவே நான் சொல்கிறேன்.

தாள் வெறுமையாகத் திரும்பி வந்தால் நானே எழுதுவேன். சபையில் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, வாய்விட்டுச் சொல்லவும் சொல்வேன். இருமாமல் சொல்வேன். மருமகள் இப்படிச் செய்தாள் என்று ஊர் பேசும், அது உண்மையாகவே இருக்கும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டு வாசலில் எனக்கு இடமில்லை என்று நீங்கள் சொன்னால், அதற்கும் தலை குனிவேன்.

ஆனால் பனி உருகும்போது அந்த வாசலில் நீங்கள் இருக்காதீர்கள், அத்தா. என்னைச் சபித்துக்கொண்டாவது வண்டியில் ஏறி வந்துவிடுங்கள்.

உங்கள் கைகளை விரித்து எனக்காக ஒரு துஆ கேட்பீர்கள் என்ற நம்பிக்கையோடு,

உங்கள் மருமகள்
கென்ஜெகுல்