தொண்ணூற்றாறும் நூற்று நான்கும்

மார்ச் 2, திங்கள்

வாத்தியார் ஒரு பெட்டியோடு வந்தார். வாத்தியார் என்றால் எங்கள் கீபோர்டுக்காரர்; பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். பெட்டிக்குள் ஐந்து ஜோடி இயர்போன். இனிமேல் மேடையில் எல்லோர் காதிலும் லேப்டாப்பிலிருந்து ‘டிக் டிக்’ என்று அடிக்குமாம். அதற்குப் பெயர் க்ளிக். இருபத்தெட்டாம் தேதி நிகழ்ச்சியில் பின்னால் பெரிய திரையில் படம் ஓடும். பாட்டு ஒரு விநாடி பிசகினாலும் படம் தன் பாட்டுக்குப் போய்விடும் என்கிறார்.

பதினோரு வருடமாக இந்தக் குழுவில் ‘டிக் டிக்’ நான்தான். டிரம்ஸ் குச்சிகளைத் தட்டி நான் எண்ணினால்தான் பாட்டே தொடங்கும். சரி, போகட்டும். மிஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அம்மாவின் போன் மேல்தான். சின்னவளின் கிட்டார் சோலோவை ரிங்டோனாக வைத்திருக்கிறாள். “எம் பொண்ணு வாசிச்சது” என்று காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. அதில் பின்னால் டிரம்ஸ் அடிப்பது யாராம்? எதிர்வீட்டுக்காரியா?

மார்ச் 4

இன்று நான்கு தடவை போன் அடித்தது. நான்கு தடவையும் சின்னவள் வாசித்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

ப்ராக்டிஸ். மூன்றாவது பாட்டில் சோலோ வந்ததும் சின்னவள் தடுமாறினாள். நன்றாக வரும் நாளும் உண்டு. பாதி நாள் இப்படித்தான். பாடகர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். “பதட்டத்துல ஓடிடுறா. பெரிய மேடை வேற. பேசாம சோலோவ எடுத்துட்டு கீபோர்டுல போட்டுக்கலாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று. “அவ ஓடுவா, நான் பின்னாடியே துரத்துவேன். வேற என்ன பண்றது?” என்று சிரித்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

க்ளிக் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் வாத்தியார். பழைய நிகழ்ச்சிப் பதிவுகளைக் கேட்டு, ஒவ்வொரு பாட்டும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எழுதும் வேலை எனக்கு. “தாளம் நீங்கதானே, நீங்களே எழுதிக் கொடுங்க.”

மார்ச் 11

மூன்றாவது பாட்டு. தொண்ணூற்றாறு. சோலோவில் நூற்று நான்கு. முடிந்ததும் மறுபடி தொண்ணூற்றாறு. ஓடுகிறாள், நான் சொன்னேனே என்று எழுதப் போனேன். எதற்கும் இன்னொரு தடவை கேட்டேன்.

அவள் கம்பியைத் தொடுவதற்கு முன்பே டிரம்ஸ் வேகம் ஏறிவிடுகிறது. ஒரு முழு வரி முன்னால். அடுத்த பதிவு — நூற்று மூன்று. அதற்கடுத்தது — நூற்று ஐந்து. ஏழு பதிவுகள் கேட்டேன். ஏழிலும் ஓடுவது நான், துரத்துவது அவள். கீபோர்டு சோலோக்களில் நான் இம்மி பிசகவில்லை.

வேணும்னே செஞ்சேனா? இல்ல. சத்தியமா இல்ல. அப்போ டிரம்ஸ் பெடல மிதிச்ச காலு யாரோடது? அவ சோலோ சீக்கிரம் முடிஞ்சு தொலையட்டும்னு அதுக்கு யார் சொன்னா?

மார்ச் 12

தாளில் சோலோவுக்கு 104 என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கமாக வாசிக்கிற வேகம்தானே. பொய் இல்லையே — இல்லையா?

மார்ச் 15, ஞாயிறு

க்ளிக்கோடு முதல் ப்ராக்டிஸ். காதுக்குள் வாத்தியார் பதிந்து வைத்த குரல், “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று வீட்டுப்பாடம் கேட்கிற தோரணையில். சோலோவில் க்ளிக் நூற்று நான்குக்குத் தாவியது. சின்னவள் இரண்டாவது வரியிலேயே விழுந்தாள். மூன்று தடவையும். “எடுத்துடலாம்மா” என்றார் பாடகர். “சரிண்ணா” என்றாள். இயர்போன் ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் எப்போதும்போல என் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றபோது பேசினாள். “நான் வாசிக்க ஆரம்பிச்சாலே உனக்கு உற்சாகம் வந்துடும்க்கா, வேகமா போவ. எனக்குத்தான் தெரியுமே. அதுக்குன்னே மூணாவது வரியில ரெண்டு நோட்ட விட்டுட்டு வாசிக்கப் பழகிக்கிட்டேன். உன் கால் சத்தத்த வச்சு எப்படியோ சமாளிப்பேன். இந்த மிஷினோட முடியல.”

உற்சாகமாம்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

மார்ச் 16

வாத்தியாரைப் பள்ளிக்கூட வாசலிலேயே போய்ப் பிடித்தேன். சோலோவுக்கு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன், பாட்டு முழுக்கத் தொண்ணூற்றாறுதான், இன்னொரு தடவை அவளை வாசிக்கவிட வேண்டும் என்றேன்.

“எத்தன பதிவு கேட்டீங்க?”

“ஏழு.”

“ஏழுலயும் தப்பா?”

“ஏழுலயும்.”

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். தாளில் 104-ஐ அடித்துவிட்டு 96 என்று எழுதிக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

தொண்ணூற்றாறில் வாசித்தோம். சோலோவில் என் கால் முன்னால் போகத் துடித்தது. க்ளிக் விடவில்லை. சின்னவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மூன்றாவது வரியில் மட்டும் பழக்கதோஷத்தில் அந்த ஓட்டை. “இதத்தானே கேட்டேன்!” என்றார் பாடகர். சோலோ பிழைத்துக்கொண்டது. எல்லோரும் மிஷினைப் புகழ்ந்தார்கள், அப்புறம் அவளை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவளைப் புகழ்ந்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 28, சனி

மூன்றாவது வரியில் அந்த இரண்டு நோட்டும் வந்தன. இத்தனை நாள் அது எப்படி இருக்கும் என்றே தெரியாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அரங்கமே கைதட்டியது. வயிறு எரிந்தது. கால் ஓடவில்லை.

மார்ச் 30, திங்கள்

அம்மா ரிங்டோனை மாற்றிவிட்டாள். சனிக்கிழமை சோலோ. மத்தியானம் அடித்தபோது எடுக்கப் போனவளை “இரும்மா” என்று தடுத்து, மூன்றாவது வரி முடியும்வரை கேட்டேன். கட் ஆகிவிட்டது. திட்டினாள். கூப்பிட்டது சின்னவள்தான், அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து.

நானே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஏழு பதிவுகள், ஒரு வரி முன்னால் ஏறும் வேகம், தெரிந்தே எழுதிய நூற்று நான்கு. அது உற்சாகம் இல்லை, பொறாமை என்று அந்தச் சொல்லையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டது காதில் விழுந்தது. பிறகு, “அடிப்பாவி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ப்ராக்டிஸுக்கு ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். என் தோளில் கை போடாமல் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகவே ஓட்டினேன். பாலத்து வளைவில் மட்டும் ஒரு கை தோளுக்கு வந்தது. வளைவு முடிந்ததும் எடுத்துவிட்டாள்.

வீடு திரும்ப நேர்வழி இருந்தது. நான் பாலத்து வழியாகவே வந்தேன்.