ராஜா வேஷமும் டீச்சரம்மாவும்

ரங்கூன், 1926

சௌபாக்கியவதி மகள் சொர்ணத்துக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம், ஊரில் உன் காய்ச்சல் விட்டதா? பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு நீ கப்பல் ஏறி ஆறு வருஷம் ஆகிறது. உன் மூத்தவன் சின்னத்தம்பி இன்சீன் ரயில் பட்டறையில் சேர்ந்துவிட்டான். இளையவள் பவுனு வகுப்பில் முதல். பள்ளி நாடகத்தில் ராஜாவும் அவள்தான்!

நாடகம் எழுதியது பள்ளிக்கூடம் நடத்தும் வங்காளத்து டீச்சரம்மா நிருபமா. பெண்களே ஆண் வேஷம் கட்டும் நாடகம் எழுதிக் கல்கத்தாவில் பேர் வாங்கியவளாம். அப்படிப்பட்டவள் கடல் தாண்டி வந்து பாடம் சொல்லிக்கொடுப்பானேன்? எனக்குச் சந்தேகம். சமையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒத்திகையில் போய் உட்கார்ந்தேன்.

ராஜா தாயைப் பிரிகிற இடம். "உன் அம்மா முகத்தெ நெனச்சு அழு" என்றாள் டீச்சரம்மா, பவுனுவிடம் அரைகுறைத் தமிழில்.

"முகம் ஞாபகம் வரலியே, டீச்சர்!"

டீச்சரம்மாதான் அழுதாள். அதுவும் நடிப்போ என்னவோ.

தபால்காரன் வந்துவிட்டான். உடனே புதுப் போட்டோ எடுத்து அனுப்பு. முகம் தெளிவாக விழட்டும்.